மூன்றாம் பாரத்தில் உருகிய ஏரி

ஏரி உருகிக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

நிஜ ஏரி அல்ல. துணி ஊறவைக்கிற பெரிய தகரத் தொட்டி. அதற்குள் சாந்தோம் கடற்கரை மணல், தண்ணீர், தண்ணீருக்கு மேல் ஓர் ஐஸ் பாளம். கரையில் ஏழெட்டுச் சவுக்குக் கிளைகளை நட்டிருந்தோம், அது காடு. காட்டோரம் பஞ்சைப் பிய்த்துத் தூவியிருந்தோம், அது பனி. அந்தப் பனியில் தொந்தியும் மேல்துண்டுமாக, அரிசி பருப்புக் கடை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் கொலுப் பொம்மைச் செட்டியார். பக்கத்தில் அவர் மனைவி. பூமிப்பந்தின் உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கும் வட ஏரி நாட்டின் குடிமக்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

மணி பத்தே கால். ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானியைக் காணோம். விடியற்காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அதை நம்பித்தான் ஐஸைக் கொண்டுவந்தேன். ஒன்பது மணிக்கு மூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் விலகி, சித்திரை மாதத்தைப் போல வெயில் அடிக்க ஆரம்பித்தது. முறம் அகலத்துக்கு இருந்த ஐஸ் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது.

"டீச்சர், வசந்த காலம் வந்துடுத்து," என்றாள் முதல் பெஞ்சு வைதேகி. "இன்னும் அரை மணி போனா கோடையே வந்துடும்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளை அந்தத் தொட்டியிலேயே அமுக்கிவிடலாமா என்று இருந்தது.

நான் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, மந்தைவெளி வாசகர் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ஆசிரியைகளின் பக்தி சிரத்தையை நினைத்தால் அவருக்குக் கண்ணில் நீர் வருகிறதாம். ஐயா, துடைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் எழுதப்போவதைப் படித்தால் வேறு காரணத்துக்காக வரலாம்.

கூட்ஸ் கிளார்க்கும் தபசு காலமும்

மயிலாப்பூரில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் நான் 'ஆக்டிங்'. பூகோள ஆசிரியை பிரசவத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போனார். யுத்தத்தில் சென்னையில் குண்டு விழும் என்று யாரோ சொல்ல, போனவர் அங்கேயே தங்கிவிட்டார். காலியான நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலி எனக்கே சொந்தமாக வேண்டுமானால் இன்ஸ்பெக்ட்ரஸ் என் பாடத்தைப் பார்த்து நல்லபடியாக எழுத வேண்டும். பிறகு அதைப் பள்ளிக் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு வரியில் முடிப்பவர். "வேலை நிரந்தரமாச்சுன்னா உன் இஷ்டம். ஆகலேன்னா என் இஷ்டம்," என்று சொல்லிவிட்டார்.

அவருடைய இஷ்டம் அரக்கோணத்தில் இருந்தது. ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். வயது முப்பத்தெட்டு. முதல் மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் பார்க்க வந்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஊறுகாய் போடத் தெரியுமா?" எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன். "பரவாயில்லை, கத்துக்கலாம்," என்றார். நான் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது தபசு காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் ஓலை வாசிப்பது ஈஸ்டர் முடிந்த பிறகுதான். ஆண்டவர் பாலைவனத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்தது மனுக்குலம் முழுவதற்கும் என்று ஞானோபதேசத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் எனக்காக மட்டும் இருந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

தபசு காலம் தொடங்கும் புதன்கிழமை, பூசையில் சாமியார் நெற்றியில் இட்ட சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். மயிலாப்பூர்ப் பெண்களுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், நீங்களும் விபூதி இட்டுண்டிருக்கேளே! கபாலி கோயிலுக்கா போனேள்?" என்றார்கள். நான் ஆஜர் எடுக்க ஆரம்பித்தேன். அன்று முழுவதும் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. மத நல்லிணக்கத்துக்கு இப்போது மேடை போட்டு மைக் வைத்துப் பேசுகிறார்கள். அன்று ஒரு சிட்டிகைச் சாம்பலில் காரியம் முடிந்தது.

குளிக்காத ஊர்

எந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்று துரைசானியே சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். மூன்றாம் பாரம் (இப்போதைய எட்டாம் வகுப்பு), பூகோளம், பதினான்காம் பாடம்: வட ஏரி நாட்டில் குளிர்காலமும் வசந்தமும்.

புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்து கல்லாகிவிடும், மனிதரும் வண்டியும் அதன்மேல் போவார்கள், வசந்தத்தில் அது உடையும், ஆனால் என்றைக்கு உடையும் என்று எவராலும் கூற இயலாது என்று எழுதியிருந்தது. ஒரு நாள் வெயில் காயுமாம். மறுநாள் பனி கொட்டுமாம். வசந்தம் வந்துவிட்டது என்று கம்பளியை மடித்து வைத்தவர்கள் மறுபடி அதைத் தேடுவார்களாம். எழுதியவர் அத்தனையையும் ஏதோ ஒரு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் முன்னதாகவே ஒத்திகை பார்த்தேன். கேள்விகள் கிளம்பின.

"டீச்சர், ஏரியே கல்லாயிட்டா அவாள்லாம் எங்கே குளிப்பா?"

"குளிக்க மாட்டாங்க."

"எத்தனை நாள்?"

"நாலைந்து மாசம்."

வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"அமாவாசைக்குக்கூடவா?"

கடைசியாக வைதேகி எழுந்தாள். அவள் அப்பா ஹைகோர்ட் வக்கீல். எங்கள் பள்ளிக் கமிட்டியில் மெம்பர் வேறு. பெண்ணுக்கும் குறுக்கு விசாரணை ரத்தத்தில் ஊறியிருந்தது. "டீச்சர், தெப்பம் எப்படி விடுவா? நடுவுல ஐஸ்ல மாட்டிண்டா, சாமி நாலு மாசம் அங்கேயே உக்காந்திருப்பாரா? நைவேத்தியம் யார் கொண்டுபோவா?"

நான் புத்தகத்தை மூடிவிட்டு, ஏரியின் படத்தை எல்லாரும் வரையுங்கள் என்றேன்.

குளிர் என்றால் என்ன என்று இவர்களுக்கு எதைக் காட்டிச் சொல்வது? தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று நாமும் பழமொழி வைத்திருக்கிறோம். துளைத்து நான் பார்த்ததில்லை. மார்கழி முதல் தேதி அப்பா கழுத்தில் மப்ளர் ஏறும். சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்பார்களே, அந்தச் சிவராத்திரி அன்றுதான் இறங்கும். தினமும் தவறாமல் பூசை காண்கிற கிறிஸ்தவர், மப்ளர் விஷயத்தில் மட்டும் சிவனை நம்பினார்.

ஏரியையாவது காட்டலாம் என்றால் அதுவும் இல்லை. மயிலாப்பூருக்கு மேற்கே மைல் கணக்கில் நீண்டு கிடந்த ஏரி ஒன்று எங்கள் ஊரிலும் இருந்தது. அதைத் தூர்த்து, மனை போட்டு, தியாகராய நகர் என்று பெயர் வைத்துவிட்டோம். வட ஏரி நாட்டுக்காரர்கள் ஏரி எப்போது உருகும் என்று மாதக் கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள். எங்களிடம் விட்டிருந்தால் அதற்குள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தியிருப்போம்.

தலைமையாசிரியை கோகிலாம்பாள்தான் யோசனை சொன்னார். சைதாப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, கனமான குரல்.

"பிலோமினா, வாயால சொன்னா அந்தம்மாவுக்குப் பிடிக்காது. கண்ணுல காட்டணும். போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல எரிமலைன்னு பஜ்ஜி அடுப்பைக் காட்டியிருக்காங்க. அதுக்கே பிரமாதம்னு எழுதிட்டுப் போச்சாம். நீங்க ஒரு ஐஸுக்கு ஏற்பாடு பண்ணுங்க."

டாக்டர் சீட்டு

சண்டைக் காலம். அரிசி, மண்ணெண்ணெய், சீமைத்துணி எல்லாவற்றுக்கும் சீட்டு. ஐஸுக்கும் வந்திருந்தது. ஐஸ் விற்கும் டிப்போவில் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"டாக்டர் சீட்டு இருக்கா? யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்லை. ஏரிக்கு."

அப்போதுதான் தலையைத் தூக்கினார். எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

மிச்சம் இருந்த ஒரே வழி ரோசம்மா. சாந்தோமில் எங்கள் தெருக்கோடியில் கடலைப் பார்த்த குப்பத்தில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு மீன் போடுகிறவள். பரங்கிமலைப் பட்டாளத்துக்கு மீன் அனுப்பும் குத்தகை அவள் தம்பிக்கு. அதனால் அவர்கள் மீன் பெட்டிக்கு மட்டும் ஐஸ் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் சீட்டு வேண்டும், மீன் செத்துப்போனால் வேண்டாம்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று விடிகாலையிலேயே போனேன். பனிமூட்டத்தில் கட்டுமரங்களின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால? மீனு இன்னும் கரைக்கே வர்ல."

"மீன் வேண்டாம் ரோசம்மா. ஐஸ் வேணும்."

"யாருக்கு ஒடம்பு சரியில்ல? நைனாவுக்கா?"

"பாடம் நடத்த."

"ஐஸுல இன்னா பாடம் கீது?"

ஏரி நாட்டைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் மேலே கல்லாகிவிடும், கீழே மீன் உயிரோடு இருக்கும் என்றதும் அவளுக்குக் கண் விரிந்தது.

"அப்ப ஏரி மேலயே ஐஸு, அடியிலயே மீனு! வண்டிக் கூலி மிச்சம். நல்ல ஊராத்தான் கீது. அங்க பொறக்காம இங்க வந்து பொறந்துகினோம் பாரு," என்று பெட்டியைத் திறந்தாள். மரத்தூளைத் தள்ளி ஒரு பாளத்தை எடுத்துக் கடல் தண்ணீரில் அலம்பினாள். "நேத்து மீனு படுத்துகினு இருந்த ஐஸும்மா. ஒரு பக்கந்தான் பட்டுகீது. திருப்பிப் போட்டுக்கோ, ஒண்ணியும் தெரியாது."

அவளுக்கு என் அரக்கோணத்து விவகாரம் தெரியும். சாந்தோமில் யாருக்குத்தான் தெரியாது? பாளத்தைக் கோணியில் சுற்றிக் கொடுத்தபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு புள்ள பெத்தவனுக்கு வாக்கப்பட்டு ஊறுகா போட்டுகினு கெடக்காத. போய் நல்லா சொல்லிக் குடு."

நற்சான்று

நான் அசட்டையாக இருந்துவிடவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஐஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். பிறகு அம்மா முகர்ந்து பார்த்தாள். அப்பா மப்ளரை விலக்கிவிட்டு முகர்ந்தார். எங்களோடு இருந்த அத்தை, என் தம்பிகள் இரண்டு பேர், கடைசியாக நான். ஆக மொத்தம் ஆறு மூக்குகள்.

"சுத்தமா இருக்கு," என்றார் அப்பா. "வெறும் தண்ணி வாசனை," என்றாள் அம்மா. யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நாங்கள் வாரத்தில் ஆறு நாள் மீன் சாப்பிடுகிறவர்கள். ஏழாம் நாள் கருவாடு. தபசு காலத்தில் இறைச்சியும் கிடையாது என்பதால் அந்த ஆறு நாளும் இரண்டு வேளை. எங்கள் மூக்கு சொல்லும் சாட்சி செல்லாது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஐஸைக் கோணியோடு ரிக்‌ஷாவில் ஏற்றி, தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு, பெருமிதமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

துரைசானி

பத்து இருபத்தைந்துக்கு வந்தார். பனிமூட்டத்தில் அடையாறு பாலத்தின்மேல் வண்டிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நகரவில்லையாம். நெட்டை உருவம், வெயிலில் தோல் உரிந்த மூக்கு, தலையில் பெரிய தொப்பி. பின்னால் கோகிலாம்பாள்.

வாசற்படியில் கால் வைத்ததும் கோகிலாம்பாள் நின்றுவிட்டார். அவர் மூக்கு ஒரு தரம் விரிந்து சுருங்கியது. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் அவர் வீட்டில் மீன் குழம்பு உண்டு. ஆனால் ஆறு நாளும் அதிலேயே முழுகிக் கிடக்கிற எங்கள் மாதிரி அல்ல. மூக்கு நல்ல நிலைமையில் இருந்தது. என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. வெயில் ஏற ஏற ஐஸ் தன் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தது. முப்பத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முட்டைக்குக்கூட அனுமதி கிடையாது. அரக்கோணத்து ஊறுகாய் ஜாடி கண்ணெதிரே வந்து நின்றது.

பாடத்தை ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது? "ஏரி எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல இயலாது," என்று நான் சொல்லி முடிக்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். ஐஸ் இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு கரையில் மோத, மணல் சரிந்து, செட்டியார் கடையோடு ஏரிக்குள் விழுந்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

துரைசானி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தண்ணீரில் கைவிட்டுச் செட்டியாரை எடுத்தார். தன் கைக்குட்டையால் துடைத்து, கரையிலிருந்து தள்ளி, மனைவிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். பிறகு பெண்களிடம் பேச ஆரம்பித்தார். அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"நான் பிறந்தது இப்படி ஓர் ஏரிக்கரையில்தான். அப்பா வேலை பார்த்த மரம் அறுக்கிற மில் எதிர்க்கரையில் இருந்தது. கோடையில் படகில் போவார். குளிர்காலத்தில் ஏரிமேல் நடந்து போவார். இரண்டுக்கும் நடுவில் சில நாள் இருக்கும். அது எந்த நாள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கூரையெல்லாம் சொட்டும். பிள்ளைகள் கோட்டைக் கழற்றி எறிவோம். மறுநாள் காலையில் கதவைத் திறக்க முடியாதபடி பனி கொட்டியிருக்கும். ஐஸ் மேலே பார்க்க அப்படியே இருக்கும். அரிப்பதெல்லாம் அடியில்தான். கிழவர்கள் காதை வைத்துக் கேட்டு ஆளுக்கு ஒரு தேதி சொல்வார்கள்."

துரைசானி மிதந்த ஐஸ் துண்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு மேலே சொன்னார்.

"ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு காலையில் என் அம்மா, அப்பாவின் பூட்ஸை ஒளித்து வைத்துவிடுவாள். அவர் வீடெல்லாம் தேடிக் கத்துவார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். திட்டிக்கொண்டே பழைய செருப்போடு ஏரியைச் சுற்றிக்கொண்டு ஏழு மைல் நடப்பார். அப்பா சுற்றி நடக்கிறார் என்றால் வசந்தம் வந்துவிட்டது என்று ஊரே தெரிந்துகொள்ளும்."

சிரிப்பு எழுந்தது. துரைசானியும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார். வகுப்பு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருடம், அம்மா ஒரு நாள் தாமதமாக ஒளித்து வைத்தாள்," என்றேன்.

அதற்கு முந்தின நாள் ஏரிமேல் நடந்து போன அப்பா வீடு திரும்பவில்லை. காலையிலிருந்து என் வேலை, என் கல்யாணம், என் மானம் என்றே ஓடிக்கொண்டிருந்த மனது அப்போது கொஞ்ச நேரம் நின்றது. அந்த அம்மாளை அதுவரை நான் ஒரு தொப்பியாகத்தான் பார்த்திருந்தேன்.

வைதேகிதான் எழுந்தாள். "அப்பறம் அவா அம்மா என்ன பண்ணினா, கேளுங்கோ டீச்சர்."

கேட்டேன். "அதற்குப் பிறகு வசந்தம் எப்போது வரும் என்று அம்மா யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாள்," என்றார்.

பிறகு துரைசானி மூச்சை நன்றாக இழுத்தார். முகம் மாறியது. "இந்த வாசனையை எப்படிக் கொண்டுவந்தாய்?" என்று என்னைக் கேட்டார். "ஐஸ் உடைந்ததும் குளிரில் செத்த மீனெல்லாம் மேலே மிதந்து வரும். கரை முழுவதும் இந்த வாசனைதான். எங்களுக்கு இதுதான் வசந்தம். இந்த ஊருக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் முகர்கிறேன்."

இதை மட்டும் நான் முழுதாக மொழிபெயர்க்கவில்லை. "இது வசந்தத்தின் வாசனை என்று சொல்கிறார்," என்று பெண்களுக்குச் சொன்னேன். கோகிலாம்பாள் சுவரில் இருந்த உலகப் படத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். துரைசானி ஒரு சில்லை ஒடித்து வாயில் போட்டுக் கடித்தார். சின்ன வயதில் இப்படித்தான் தின்போம் என்று சொல்லி, இன்னொரு சில்லை எதிரில் நின்ற வைதேகியிடம் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நன்னா இருக்கு டீச்சர்," என்றாள். "கொஞ்சம் உப்பு."

விசாரணை

துரைசானி புறப்படுவதற்கு முன்பே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு. கோகிலாம்பாள் அதைப் படித்துக்காட்டியபோது இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். ஆனால் அன்று சாயங்காலமே எங்கள் ரிக்‌ஷாக்காரர், தாம் மீன் ஐஸ் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையை மாட வீதி முழுவதும் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் கமிட்டி கூடியது.

கமிட்டி என்றால் அன்று இரண்டு பேர். தலைவர், ரிட்டையரான தாசில்தார், சதா பொடி போடுகிறவர். மற்றவர் வைதேகியின் அப்பா. தலைமையாசிரியை அறையில் மூலையில் தொட்டியும், ஐஸ் சுற்றி வந்த கோணியும் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருந்தன. என்னைச் சுவரோரம் நிற்கவைத்தார்கள். வைதேகியைக் கூப்பிட்டார்கள்.

வக்கீல் எழுந்து நின்றே கேட்டார். "நேத்திக்கு டீச்சர் கொடுத்த ஐஸைச் சாப்பிட்டியா?"

"டீச்சர் கொடுக்கலைப்பா. துரைசானி கொடுத்தா."

தலைவர் இருமினார். துரைசானியைக் கூண்டில் ஏற்றுகிற காலம் அல்ல அது. வக்கீல் சாமர்த்தியமாக அந்தப் பக்கம் போகாமல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"அதுல மீன் வாசனை வந்துதா?"

"மீன் வாசனை எப்படிப்பா இருக்கும்?"

"நாத்தமா இருக்கும்."

"பெருங்காய டப்பாகூடத்தான் அப்படி இருக்கும்."

"குழந்தை கேக்கறது நியாயம் ஓய்," என்றார் தலைவர். "தெரியாத வாசனையை அது எப்படிச் சொல்லும்? நான் சொல்லலாம்னா, பொடி போட்டுப் போட்டு என் மூக்கு போய் முப்பது வருஷம் ஆச்சு."

வக்கீல் கோகிலாம்பாள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க அங்கே இருந்தேளே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம் சார்," என்றார் கோகிலாம்பாள், கணீரென்று. அந்த இடத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன்.

வக்கீலுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கையில் இருந்த கேஸ் கைநழுவிப் போகிற கோபம். விடுவிடுவென்று மூலைக்குப் போனார். கோணியைத் தூக்கி மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"மீனேதான்! சந்தேகமே வேண்டாம்!" என்று முழங்கினார். "அதுவும் வஞ்சிரம். வவ்வாலா இருந்தா மறுநாளைக்கு இவ்வளவு நிக்காது."



எனக்கு வியப்பாக இருந்தது. ஆறு பேர் மூக்கால் முடியாததைச் செய்துவிட்டார். ரோசம்மாவின் பெட்டியில் அன்று இருந்தது வஞ்சிரம்தான்.

தலைவர் பொடி டப்பாவை மெதுவாக மூடினார். கோகிலாம்பாள் கமிட்டி மினிட் புத்தகத்தைப் பிரித்தார். பேனாவை மையில் தொட்டார்.

"நீங்க சொன்னபடியே எழுதிக்கட்டுமா சார்?" என்று கேட்டார். "'மெம்பர் அவர்கள் கோணியை முகர்ந்து பார்த்து, இது வஞ்சிரம், வவ்வால் அல்ல என்று அடையாளம் கூறினார்கள்.' வார்த்தை சரியா இருக்கா?"

"அப்பா," என்றாள் வைதேகி, "வஞ்சிரம்னா என்னப்பா?"

வக்கீல் கோணியைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்ணைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"இன்ஸ்பெக்ட்ரஸ் என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"நிரந்தரமாக்கலாம்னு சிபாரிசு பண்ணியிருக்காங்க."

"அப்போ அதையே எழுதிடுங்கோ. வேற ஒண்ணும் எழுத வேண்டாம்."

"ஒருமனதாவா?" என்று கேட்டார் தலைவர்.

"ஒருமனதா," என்றார் வக்கீல்.